எம்.ஏ. பிரெஞ்சு பண்ணணும்னா உண்மையில என்னென்ன வேணும்

பிளஸ் டூல பிரெஞ்சுல சென்டம் பக்கத்துல வாங்குனவங்க சென்னைல தெருவுக்கு நாலு பேர் இருப்பாங்க. தமிழ் எடுத்தா டோட்டல் அடிவாங்கும்னு வீட்ல பயந்து பிரெஞ்சு எடுக்க வெச்சு, கைடுல இருக்குற கேள்வி பதிலை அப்படியே உருப்போட்டு மார்க் ஷீட்டும் கைக்கு வந்துடும், ஆனா எதிர்ல ஒருத்தர் உக்காந்து நேத்து என்ன பண்ணீங்கனு பிரெஞ்சுல கேட்டா வாய் தொறக்காது. அந்த மார்க்கை நம்பி "எனக்கு பிரெஞ்சு நல்லா வரும், எம்.ஏ. சேரலாம்னு இருக்கேன், என்ன எலிஜிபிலிட்டி"னு கேக்குறவங்க நிறைய பேர். எலிஜிபிலிட்டி கடைசில பாப்போம், முதல்ல உங்க லெவல் என்னனு சொல்லுங்க. மார்க் இல்லீங்க, லெவல்.

லெவல்னா ஐரோப்பிய கவுன்சில் 2001-ல கொண்டுவந்த ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2ங்கிற ஆறு படி. பிளஸ் டூ பிரெஞ்சு முடிச்ச பலர் நேர்மையா டெஸ்ட் எழுதுனா ஏ2 தாண்ட மாட்டாங்க. எம்.ஏ. கிளாஸ்ல உக்காந்து புரோபசர் சொல்றதை நோட்ஸ் எடுக்கவே பி2 வேணும், பரிட்சைல கட்டுரை எழுதி பொழைக்கணும்னா சி1 பக்கத்துல இருக்கணும். ஏ1ல ஆரம்பிச்சு பி2 முடிக்க சுமாரா 600 மணி நேரம் கிளாஸ்னு பொதுவா கணக்கு சொல்வாங்க. அது கிளாஸ் நேரம் மட்டும் தான், வீட்ல ஒக்காந்து படிக்கிறது தனி. வாரம் ஆறு மணி நேரம் போனா ரெண்டு வருஷம் ஆகும், இதுல ஷார்ட்கட் ஒண்ணும் கெடையாது, மூணு மாசத்துல பி2னு விளம்பரம் பாத்தா தாண்டிப் போயிடுங்க.

லெவலை நிரூபிக்க டெல்ஃப், டால்ஃப் எழுதுங்க. ஏ1லேர்ந்து பி2 வரைக்கும் டெல்ஃப், சி1, சி2க்கு டால்ஃப், ரெண்டுமே பிரான்ஸ் கல்வி அமைச்சகம் தர்ற டிப்ளமா, வாழ்நாள் முழுக்க செல்லும். டிசிஎஃப்னு இன்னொண்ணு இருக்கு, அது ரெண்டு வருஷம் தான் செல்லும், அவசரத்துக்கு ஓகே. நம்ம பக்கம் அலியான்ஸ் ஃபிரான்சேஸ்ங்கிற பிரெஞ்சு மொழி மையத்துல தான் பரிட்சை நடக்கும், சென்னைல நுங்கம்பாக்கம் காலேஜ் ரோடு, புதுச்சேரில 1889லேர்ந்து இருக்குற பழைய அலியான்ஸ். வருஷத்துக்கு சில செஷன் தான் வெப்பாங்க, ரெஜிஸ்ட்ரேஷன் சீக்கிரமே மூடிடுவாங்க, அப்ளிகேஷன் கடைசித் தேதியை வெச்சு பின்னாடிலேர்ந்து கணக்கு போட்டுக்கங்க, ரிசல்ட் வந்து சர்டிபிகேட் கைக்கு வரவும் டைம் எடுக்கும்.

பி2 பரிட்சைல கேக்குறது, படிக்கிறது, எழுதுறது, பேசுறதுனு நாலு பகுதி, ஒவ்வொண்ணும் 25 மார்க். மொத்தம் 50 வாங்குனா பாஸ், ஆனா எந்தப் பகுதிலயும் 5க்கு கீழ போகக்கூடாது. நம்ம பசங்க படிக்கிற பகுதில அள்ளிடுவாங்க, கேக்குற பகுதில கவுந்துடுவாங்க, காரணம் ஸ்கூல்ல ஒரு ஆடியோ கூட போட்டுக் காட்டியிருக்க மாட்டாங்க. தினமும் அரை மணி நேரம் ஆர்எஃப்ஐ ரேடியோ கேளுங்க, அதுல ஈசியான பிரெஞ்சுல ஒரு செய்தி புல்லட்டின் கூட இருக்கு, முதல் மாசம் ஒண்ணும் புரியாது, கேட்டுட்டே இருங்க.

முடிஞ்சா சேர்றதுக்கு முன்னாடியே டால்ஃப் சி1க்கும் படிச்சிடுங்க, சர்டிபிகேட்டுக்காக இல்ல, அதுல இருக்குற சேந்தேஸ்ங்கிற பயிற்சிக்காக. ரெண்டு மூணு கட்டுரை குடுப்பாங்க, எல்லாம் சேத்து ஆயிரம் வார்த்தை போல வரும், அதை ஒரே எழுத்தா சுமார் 220 வார்த்தைல சுருக்கணும். முதல் கட்டுரை இப்படி சொல்லுது ரெண்டாவது கட்டுரை அப்படி சொல்லுதுனு வரிசையா எழுதுனா மார்க் போச்சு, எல்லாத்தையும் கலந்து புதுசா ஒரு வரிசைல கட்டணும், அதுல இருக்குற வாக்கியத்தை தூக்கிப் போடக்கூடாது, உங்க சொந்தக் கருத்து ஒரு வரி எட்டிப் பாக்கக்கூடாது. அது முடிஞ்சு அதே விஷயத்துல உங்க கருத்தை தனியா ஒரு கட்டுரையா எழுதணும், ரெண்டுக்கும் சேத்து ரெண்டரை மணி நேரம். எம்.ஏ.ல ரெண்டு வருஷம் பண்ணப் போறது கிட்டத்தட்ட இதே வேலை தான், அளவு தான் பெருசு.

சரி, இப்போ எலிஜிபிலிட்டி

பி.ஏ. பிரெஞ்சு முடிச்சவங்களுக்கு பிரச்சனை இல்ல, 50 இல்ல 55 சதவீதம் பொதுவா கேப்பாங்க, ரிசர்வேஷன்ல தளர்வு உண்டு. வேற டிகிரி பண்ணவங்க, அதாவது பி.காம், இன்ஜினியரிங், பயோடெக்னு வந்தவங்க பயப்பட வேண்டாம், நிறைய இடத்துல ஏதாவது ஒரு டிகிரியோட பிரெஞ்சுல டிப்ளமாவோ பி2 மாதிரி ஒரு லெவல் சர்டிபிகேட்டோ இருந்தா எடுத்துக்குறாங்க. ஆனா எந்த சர்டிபிகேட், எந்த லெவல்ங்கிறது யுனிவர்சிட்டிக்கு யுனிவர்சிட்டி மாறும், வருஷத்துக்கு வருஷமும் மாறும், அதனால அந்த வருஷத்து ப்ராஸ்பெக்டஸ்ல இருக்குற வரியை எழுத்துக்கு எழுத்து படிங்க, சீனியர் சொன்னாருனு போகாதீங்க. காலேஜ்ல முதல் ரெண்டு வருஷம் பார்ட் ஒன் லாங்குவேஜா பிரெஞ்சு எடுத்திருந்தேன்னா போதுமானு கேப்பாங்க, பேப்பர்ல சில இடத்துல போதும், கிளாஸ்ல போதாது.

நமக்கு பக்கத்துல எங்கனு பாத்தா காலாப்பட்டுல இருக்குற பாண்டிச்சேரி யுனிவர்சிட்டி, லாஸ்பேட்டைல காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு மையம், சென்னைல மெட்ராஸ் யுனிவர்சிட்டி. வெளில போகணும்னா ஹைதராபாத்ல இஃப்ளுங்கிற வெளிநாட்டு மொழி யுனிவர்சிட்டி, டெல்லி ஜேஎன்யு, டெல்லி யுனிவர்சிட்டி, பனாரஸ் இந்து யுனிவர்சிட்டி. ஜேஎன்யுல மொழிபெயர்ப்பும் இன்டர்ப்ரெடேஷனும் பலமான பக்கம், வேலைக்குனு யோசிக்கிறவங்க அதை பாக்கலாம். புதுச்சேரியோட பலம் கிளாஸ் ரூமுக்கு வெளில இருக்கு, 1955ல ஆரம்பிச்ச பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட், அதே வருஷம் வந்த எகோல் ஃபிரான்சேஸ் தெக்ஸ்த்ரேம் ஓரியான்ங்கிற ஆசிய ஆய்வு மையம், 1827லேர்ந்து இருக்குற ரோமேன் ரோலான் லைப்ரரி, தெருவுல பிரெஞ்சு பேசுற பெரியவங்க இன்னும் கொஞ்சம் பேர். பேசுறதுக்கு ஆள் கெடைக்கிறது எவ்ளோ பெரிய விஷயம்னு சேர்ந்தப்புறம் தான் தெரியும்.

பாண்டிச்சேரி, ஜேஎன்யு மாதிரி சென்ட்ரல் யுனிவர்சிட்டிகளுக்கு என்டிஏ நடத்துற சியூஇடி பிஜிங்கிற நுழைவுத் தேர்வு எழுதணும். 2022லேர்ந்து தான் இது. 75 கேள்வி, எல்லாமே அப்ஜெக்டிவ், சரியா இருந்தா 4, தப்பா இருந்தா மைனஸ் 1. பிரெஞ்சு பேப்பர்ல இலக்கணம், வொகாபுலரி, பத்தி படிச்சு பதில் சொல்றது, இலக்கிய வரலாறு, பிரான்ஸ் பத்தின பொது அறிவுனு கலந்து வரும். சப்ஜோங்க்டிஃப்ங்கிற வினை வடிவம் எங்க வரும், பாஸ்ட் பார்ட்டிசிபிள் எங்க அக்ரீ ஆகும்ங்கிற மாதிரி விஷயத்துல தான் ஆள் வடிகட்டுவாங்க, அதை மட்டும் ஒரு மாசம் தனியா போட்டு அரைங்க. ஸ்டேட் யுனிவர்சிட்டிகளுக்கு தனி அட்மிஷன்.

டிகிரி வாங்க எத்தனை கிரெடிட் வேணும்னா ரெண்டு வருஷம், நாலு செமஸ்டர், 72லேர்ந்து 80 கிரெடிட் வரைக்கும் இடத்தைப் பொறுத்து இருக்கும். பாண்டிச்சேரில ஹார்ட் கோர், சாஃப்ட் கோர்னு பிரிப்பாங்க, ஹார்ட் கோர் எல்லாரும் எடுத்தே ஆகணும், சாஃப்ட் கோர்ல வேற டிபார்ட்மென்ட் பேப்பரும் எடுக்கலாம். ஹிஸ்டரி டிபார்ட்மென்ட்லயோ இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்லயோ ஒண்ணு எடுங்க, பின்னாடி ப்ராஜெக்ட் எழுதும்போது கை குடுக்கும். 2024ல யுஜிசி கொண்டுவந்த புது ஃப்ரேம்வொர்க்ல நாலு வருஷ டிகிரி முடிச்சவங்க ஒரு வருஷத்துலயே எம்.ஏ. முடிக்க வழி வெச்சிருக்காங்க, மூணு வருஷக்காரங்களுக்கு பழையபடி ரெண்டு வருஷம். கிரெடிட் பத்தி இதுக்கு மேல கவலைப்பட ஒண்ணும் இல்ல, அட்டெண்டன்ஸ் வெச்சு இன்டர்னல் எழுதுனா அது பாட்டுக்கு ஏறும்.

என்ன படிக்கணும்

ரபலே, மோந்தேன்ல ஆரம்பிச்சு கொர்னேய், ரசீன், மோலியேர், அப்புறம் வோல்தேர், ரூசோ, திதெரோ, அதுக்கப்புறம் பால்சாக், ஹியூகோ, ஃப்ளொபேர், போதலேர், சோலா, இருபதாம் நூற்றாண்டுல ப்ரூஸ்ட், கமு, துராஸ்னு நூற்றாண்டு வாரியா ஒரு பெரிய ரவுண்டு உண்டு. லிங்குவிஸ்டிக்ஸ் ஒரு பேப்பர் உண்டு, மொழிபெயர்ப்பு உண்டு, பிரான்ஸோட வரலாறு, அரசியல் பத்தி ஒரு பேப்பர் உண்டு. ஃபிரான்கோஃபோன் இலக்கியம்னு ஒரு பகுதி, இதுல தான் எனக்கு ருசி, மார்த்தினீக்கோட எமே செசேர், செனகலோட செங்கோர், அல்ஜீரியாவோட அசியா ஜெபார், மொரீஷியஸோட ஆனந்த தேவினு பிரான்ஸுக்கு வெளில பிரெஞ்சுல எழுதுனவங்க.

சேர்றதுக்கு முந்தின லீவுல எதை படிக்கலாம்னு கேட்டா ப்ரூஸ்ட்டை கைல எடுக்காதீங்க. ஆனி எர்னோ படிங்க, 2022ல நோபல் வாங்குனவங்க, பல புத்தகம் நூறு பக்கம் சுத்தி தான், வாக்கியம் சின்னது, அலங்காரம் இல்லாம வேணும்னே தட்டையா எழுதுவாங்க, பி1 முடிச்சவங்களே டிக்ஷனரி பக்கத்துல வெச்சு தாண்டிடலாம். அடுத்து மோபசான் சிறுகதைகள், அதுல பாசே சாம்ப்ல்ங்கிற எழுத்துக்கு மட்டுமே உள்ள கடந்தகாலம் பழகிடும். டிக்ஷனரிக்கு சிஎன்ஆர்டிஎல் சைட் ஃப்ரீ, பெரிய ட்ரேசோர் அகராதி முழுசா அதுல இருக்கு. இங்கிலீஷ் வழியா அர்த்தம் பாக்குற பழக்கத்தை எவ்ளோ சீக்கிரம் விடுறீங்களோ அவ்ளோ நல்லது.

ரசீன், கொர்னேய் வரும்போது ஒரு விஷயம். அலெக்ஸாந்த்ரேன்னு வரிக்கு 12 சிலபிள், அதை எண்ணத் தெரியணும், வார்த்தை கடைசில e எழுத்தால வர்ற "ஒ" மாதிரி மெல்லிய சத்தம், அடுத்து மெய்யெழுத்து வந்தா எண்ணணும், உயிர் வந்தா எண்ணக்கூடாது, வரி முடிவுல வந்தாலும் எண்ணக்கூடாது. நிறைய பேர் இதுல முழிப்பாங்க, ஆனா ஸ்கூல்ல அசை பிரிச்சு சீர் எழுதி தேமா புளிமா போட்டவங்களுக்கு ஒரே நாள்ல புடிபட்டுடும்.

எழுதுற முறை, இங்க தான் அடி விழும்

லெவல் இருக்கு, படிச்சிருக்கோம், ஆனாலும் முதல் செமஸ்டர்ல ஃபெயில் ஆகுறவங்க இருக்காங்க, ஏன்னா பிரெஞ்சு படிப்புல என்ன சொல்றோம்ங்கிறதுக்கு சமமா எப்படி அடுக்குறோம்ங்கிறதுக்கும் மார்க். நமக்கு பழக்கம் என்ன, கேள்வி வந்தா தெரிஞ்சது எல்லாத்தையும் கொட்டுறது, எக்ஸ்ட்ரா ஷீட் வாங்குறது. திஸர்த்தாசியோன்ல, அதாவது ஒரு கருத்தைக் குடுத்து விவாதிக்க சொல்ற பிரெஞ்சு கட்டுரைல, அது வேலைக்கு ஆகாது.

உதாரணத்துக்கு ஒண்ணு பாப்போம். நாவல்ங்கிறது ரோட்டுல எடுத்துட்டுப் போற ஒரு கண்ணாடினு ஸ்தாந்தாலோட 1830 நாவல்ல வர்ற ஒரு கருத்தைக் குடுத்து விவாதிக்க சொல்றாங்கனு வெச்சுக்கங்க, இது ரொம்ப அடிபட்ட டாபிக். நம்ம ஆள் என்ன எழுதுவாரு, ஸ்தாந்தால் 1783ல கிரெனோபிள்ல பொறந்தாரு, அவர் எழுதுன நாவல்கள் இவை, ரியலிசம்னா இதுனு மூணு பக்கம். திருத்துறவர் ஓரத்துல கோடு போட்டு கேள்விக்கே வரலையேனு எழுதிடுவாரு. செய்ய வேண்டியது என்னனா அந்த வாக்கியத்துக்குள்ளயே ஒரு இழுபறி இருக்கானு தேடணும். கண்ணாடி தானா எதையும் தேர்ந்தெடுக்காது, ஆனா அதை யாரோ தூக்கிட்டு நடக்குறாங்க, எந்த ரோட்டுல நடக்குறதுனு அவங்க தான் முடிவு பண்றாங்க, அப்போ நாவல் காட்டுறது உலகமா இல்ல தூக்கிட்டுப் போறவரோட பார்வையா? இந்தக் கேள்வி தான் ப்ரொப்ளமாதீக். அது கெடைச்சா முதல் பகுதில நாவல் சமூகத்தைக் காட்டுதுனு பால்சாக், சோலாவை வெச்சு எழுதலாம். ரெண்டாவதுல அப்படி காட்டும்போதே அது பொறுக்கி எடுக்குது, அடுக்குது, கிட்டத்தட்ட ஏமாத்துதுனு போகலாம், ரியலிஸ்ட்களை இல்யூஷனிஸ்ட்னு தான் கூப்புடணும்னு மோபசான் 1888ல ஒரு முன்னுரைல சொன்னது அங்க கச்சிதமா உக்காரும். மூணாவதுல அந்த ஏமாத்து வழியா தான் நாம கண்ணால பாத்தும் கவனிக்காததை நாவல் கவனிக்க வெக்குதுனு ஒரு படி மேல ஏத்தணும்.

முன்னுரைல நாலு காரியம் வரிசையா நடக்கணும், விஷயத்துக்குள்ள இழுக்குற ஒரு ஆரம்பம், குடுத்த வாக்கியத்தை சொல்லி விளக்குறது, கேள்வியை வெக்கிறது, எந்த மூணு படில போகப் போறோம்னு அறிவிக்கிறது. இந்த அறிவிப்பு இல்லேனா திருத்துறவங்கள்ல பாதி பேர் மேல படிக்கவே கடுப்பாவாங்க. ஒரு பகுதிலேர்ந்து அடுத்ததுக்கு போகும்போது பாலம் மாதிரி ரெண்டு வரி கண்டிப்பா வேணும். நான் நினைக்கிறேன்னு எழுதாம நாம்னு எழுதுறது வழக்கம். ஆளுங்க இதை சட்டதிட்டம்னு திட்டுவாங்க, எனக்கு கேட்டா ஒரு ஆறு கட்டுரை எழுதுனப்புறம் இந்த வடிவம் நம்மளையே யோசிக்க வெக்குது, கேள்வி இல்லாம பேனா நகராது.

கொமாந்தேர், அதாவது ஒரு பத்தியைக் குடுத்து அலசுறதுலயும் இதே கதை. கதைச்சுருக்கம் எழுதக்கூடாது. கமுவோட 1942 நாவல் (தமிழ்ல அந்நியன்) எழுத்துக்கே உரிய பாசே சாம்ப்ல்ல போகாம பேச்சுல வர்ற பாசே கொம்போசேல தான் பெரும்பாலும் போகும், ஒவ்வொரு வாக்கியமும் முன்னாடி வாக்கியத்தோட ஒட்டாம தனித்தனியா நிக்கும். அதைக் கவனிச்சு, ஹீரோவுக்கு நடக்குறது எதுக்கும் எதுக்கும் காரணத் தொடர்பு இல்லாத மாதிரி ஏன் தோணுதுனு அதோட சேத்துக் கட்டுனா அது தான் அலசல். டென்ஸ், பிரதிப்பெயர், நிறுத்தக்குறினு சின்ன விஷயத்துலேர்ந்து ஆரம்பிங்க, பெரிய தத்துவம் தானா வரும்.

மெமுவார்

கடைசி செமஸ்டர்ல ப்ராஜெக்ட், பிரெஞ்சுல மெமுவார். டாபிக் தான் எல்லாம். கமுவோட படைப்புல அபத்தம்னு தலைப்பு வெச்சா உங்களுக்கு முன்னாடி ஆயிரம் பேர் எழுதி முடிச்சிருப்பாங்க, நீங்க அதையே சுருக்கி திருப்பி எழுதுவீங்க, அவ்ளோ தான். சின்னதா எடுங்க, ரெண்டு புத்தகம், ஒரு கேள்வி. தமிழ் தெரிஞ்ச ஆளுக்கு ஒரு பெரிய லாபம் இருக்கு, அதை யாரும் பயன்படுத்துறதே இல்ல. புதுச்சேரில பிரெஞ்சு கவர்னரா இருந்த துய்ப்ளேக்ஸோட துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தமிழ்ல நாட்குறிப்பு எழுதியிருக்காரு, அதே காலத்தைப் பத்தி பிரெஞ்சுக்காரங்க எழுதுனதும் இருக்கு, ரெண்டையும் மூல மொழில படிக்க முடிஞ்சவங்க உலகத்துலயே கொஞ்சம் பேர் தான். 1853ல ஒரேலிங்கிற கப்பல்ல மார்த்தினீக்குக்கும் அடுத்த வருஷம் குவாதலூப்புக்கும் கூலி வேலைக்குப் போன நம்ம ஊர் ஜனங்க, அவங்க வம்சத்தைப் பத்தி கரீபியன் எழுத்துல என்ன வருது, என்ன வராமப் போகுதுங்கிறது இன்னொரு களம். இல்ல, ஒரு தமிழ் சிறுகதைத் தொகுப்போட பிரெஞ்சு மொழிபெயர்ப்பை எடுத்து உறவுமுறை வார்த்தையெல்லாம் என்ன ஆச்சுனு மட்டும் பாக்கலாம்.

மெட்டீரியலுக்கு காசு செலவு பண்ணத் தேவை இல்ல. பிரான்ஸ் தேசிய நூலகத்தோட காலிகா, பெர்சே, ஓபன் எடிஷன், ஹால்னு சைட்கள் இருக்கு, இதுலேர்ந்தெல்லாம் வீட்ல உக்காந்தே எறக்கலாம். கைடு கிட்ட போகும்போது வெறும் தலைப்போட போகாதீங்க, ரெண்டு பக்கம் எழுதி எடுத்துட்டுப் போங்க, என் கேள்வி இது, இந்த புத்தகங்கள், இதுவரைக்கும் யார் என்ன சொல்லியிருக்காங்கனு. படிக்கும்போதே பக்க எண்ணோட நோட்ஸ் எடுங்க, கடைசி வாரத்துல எந்த பக்கத்துல படிச்சோம்னு தேடுறது நரகம். சிமிலாரிட்டி செக் உண்டு, 2018 யுஜிசி விதிப்படி 10 சதவீதம் வரைக்கும் விட்டுடுவாங்க, அதுக்கு மேல 40 வரைக்கும் போனா திருத்தி திரும்ப குடுக்கணும். இங்கிலீஷ்ல எழுதிட்டு மெஷின்ல போட்டு பிரெஞ்சாக்குறவங்க இருக்காங்க, வைவால முதல் கேள்விலயே மாட்டிக்குவாங்க, உங்க வாக்கியத்தையே வாசிச்சு இந்த வார்த்தை ஏன்னு கேப்பாங்க.

எம்.ஏ. முடிச்சு காலேஜ்ல டீச்சிங்னா யுஜிசி நெட்ங்கிற தகுதித் தேர்வு எழுதணும், 55 சதவீதம் எம்.ஏ.ல வேணும், ஓபிசி, எஸ்சி, எஸ்டிக்கு 50. ஒரே உக்காரல்ல மூணு மணி நேரம், பொது பேப்பர்ல 50 கேள்வி, பிரெஞ்சுல 100 கேள்வி. அதுல ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கெடைச்சா மாசம் 37,000 ரூபாய். ஸ்கூல்னா பி.எட் கேப்பாங்க. கம்பெனி வேலை தான் குறினா எம்.ஏ. அவசியமே இல்லீங்க, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிரெஞ்சு கம்பெனிகள் இருக்கு, பிபிஓக்களும் இருக்கு, அவங்க பாக்குறது பி2 இருக்கா, போன்ல பேசுவீங்களாங்கிறது தான், அதுக்காக ரெண்டு வருஷம் ரசீன் படிக்கிறது வீண்.

பிரான்ஸ்லயே பண்ணணும்னா

அங்க மாஸ்டர்னா 120 ஈசிடிஎஸ், அதாவது ஐரோப்பிய கிரெடிட், செமஸ்டருக்கு 30, முதல் வருஷம் எம்1, ரெண்டாவது எம்2, கடைசில மெமுவார் எழுதி நடுவர் முன்னாடி சூத்னான்ஸ்னு நேர்ல நின்னு பேசணும். லெத்ர்னு எடுத்தா இலக்கிய ஆராய்ச்சி, எஃப்எல்இனு எடுத்தா வெளிநாட்டவருக்கு பிரெஞ்சு சொல்லிக்குடுக்குற படிப்பு, ரெண்டுக்கும் ஏகப்பட்ட வித்தியாசம், பேரைப் பாத்து மாத்திப் போட்டுடாதீங்க. டீச்சிங் ஆசை இருந்தா எஃப்எல்இ தான் சரி, டீச்சர் ஆகணும்னு லெத்ர் எடுத்து புழுங்குறவங்க நிறைய. லெவல் பி2 குறைஞ்சபட்சம், இலக்கியத்துக்கு சி1 கேக்குற இடங்கள் தான் அதிகம். நம்ம மூணு வருஷ டிகிரியை அவங்க ஊர் இளங்கலையான லிசான்ஸுக்கு சமமா எடுக்குறதா வேணாமானு அந்தந்த யுனிவர்சிட்டி கமிட்டி முடிவு பண்ணும்.

இந்தியாலேர்ந்து எட்யூத் ஆன் ஃபிரான்ஸ்ங்கிற போர்ட்டல் வழியா அப்ளை பண்ணணும், அப்புறம் கேம்பஸ் ஃபிரான்ஸ்ங்கிற பிரான்ஸ் அரசு அமைப்போட இன்டர்வியூ. ஆராய்ச்சி மாஸ்டர்னா ப்ரொஜே து ரெஷெர்ஷ்னு ரெண்டு மூணு பக்க ஆராய்ச்சித் திட்டம் கேப்பாங்க, மேல சொன்ன டாபிக் வேலையை இங்கயே செஞ்சிடணும். மோட்டிவேஷன் லெட்டர்ல சின்ன வயசுலேர்ந்தே ஈஃபில் டவர் மேல காதல்னு ஆரம்பிக்காதீங்க, அந்த டிபார்ட்மென்ட்ல எந்த பேப்பர் உங்க கேள்விக்கு உதவும்னு பேர் சொல்லி எழுதுங்க. ஃபீஸ் 2019லேர்ந்து ஐரோப்பாவுக்கு வெளில இருந்து வர்றவங்களுக்கு தனி, அப்போ மாஸ்டருக்கு 3,770 யூரோ வெச்சாங்க, அதுக்கப்புறம் ஏறியிருக்கு, ஆனா பல யுனிவர்சிட்டி தள்ளுபடி குடுத்து உள்ளூர்க்காரங்க ஃபீஸே வாங்குது, அப்ளை பண்றதுக்கு முன்னாடி இதை மட்டும் விசாரிச்சாலே லட்சக்கணக்குல மிச்சம். பிரான்ஸ் அரசோட ஐஃபெல் ஸ்காலர்ஷிப்ல பிரெஞ்சு மொழி, வரலாறு, பண்பாடுக்கும் இடம் உண்டு, நீங்களா அப்ளை பண்ண முடியாது, யுனிவர்சிட்டி தான் உங்க பேரை அனுப்பணும். இந்திய மாணவர்களுக்குனு இருக்குற ஷார்பாக் ஸ்காலர்ஷிப் தனி. விசாவுக்கு மாசம் 615 யூரோ கணக்குல பணம் காட்டணும்.

மார்க் விஷயத்துல ஷாக் ஆகாதீங்க, அங்க 20க்கு போடுவாங்க, 10 பாஸ், 12 பரவால்ல, 14 நல்ல மார்க், 16க்கு மேல எடுத்தா ப்ரொபசரே உங்களை ஞாபகம் வெச்சிருப்பாரு. 13 வாங்கி அழுது வீட்டுக்கு போன் போட்டா வீட்லயும் 65 சதவீதமானு திட்டுவாங்க, முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க.

கடைசியா நம்ம ஊர் ஆளுக்கு மட்டும் வர்ற ஒரு தலைவலி, இனிஷியல். பிரெஞ்சு ஃபார்ம்ல குடும்பப் பேர் ஒரு கட்டம், சொந்தப் பேர் ஒரு கட்டம், ரெண்டும் வேணும். பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கும், டிகிரி சர்டிபிகேட்ல இனிஷியல் முன்னாடி இருக்கும், டெல்ஃப்ல அப்பா பேரை விரிச்சு எழுதியிருப்பீங்க, மூணும் மூணு ஆளானு கேப்பாங்க. டெல்ஃப் முதல் ரெஜிஸ்ட்ரேஷன்லேர்ந்தே பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரியே எழுதுங்க, அதுல குடுக்குற கேண்டிடேட் நம்பர் அடுத்தடுத்த லெவலுக்கும் அதே தான். பர்த் சர்டிபிகேட்டையும் இப்போவே எடுத்துப் பாருங்க, அங்க போய் ஹெல்த் இன்சூரன்ஸ்ல பதியும்போது அதைப் பிரெஞ்சுல மொழிபெயர்த்துக் கேப்பாங்க, பழைய சர்டிபிகேட் நிறையத்துல அப்பா பேர், அம்மா பேர், ஆண் குழந்தை பெண் குழந்தைனு இருக்கும், குழந்தை பேர் இருக்குற கட்டம் மட்டும் வெறுமையா இருக்கும். பேர் சேர்க்க முனிசிபாலிட்டி, கார்ப்பரேஷன் ஆபீஸ்ல அலைய வேண்டியிருக்கும், அட்மிஷன் லெட்டர் வந்தப்புறம் ஆரம்பிச்சா விசா டேட்டோட மோதும், சியூஇடிக்கு படிக்கிற காலத்துலயே அப்பாவை ஒரு நடை அனுப்பி முடிச்சு வெச்சிடுங்க.